பின் இருக்கைச் சர்க்கரை

குட்டி விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. பாகங்களைச் சேர்த்து எஞ்சினைப் பூட்டியவர் யாரோ, அவரே அதன் முதல் பறப்பில் பின் இருக்கையில் உட்கார வேண்டும். எங்கள் ப்ரோல்கா எஞ்சினின் விளம்பரத்தில் அதுதான் முதல் வரி.

மெரின் பூட்டிய கடைசி எஞ்சின் பறக்காமலே இருந்தது. துணி போட்டு மூடியிருந்தார்கள். மெரின் என் மனைவி. பிப்ரவரியில் இறந்துபோனாள்.

அன்று காலை நரெல் தேநீர்க் கோப்பையுடன் என் மேசைக்கு வந்தாள். எங்கள் முதலாளி, நிறுவனத்தைத் தொடங்கிய கிளைவின் மகள்.

"ராஸ், கோவிச்சுக்காத. மெரினோட எஞ்சினை வெள்ளிக்கிழமை கெவின் பிரிச்சு மறுபடி பூட்டட்டும். அப்ப பூட்டினவன் அவன்னு ஆயிடும். அவனே ஏறிப் பறந்துடுவான்."

"சோதனை மேடையில ஓட்டிப் பாத்தாச்சே. நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஏறி உட்கார ஆள் இல்லையே. வாங்குறவங்க கேக்குற முதல் கேள்வியே அதுதான்."

சரி என்றேன். மெரின் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கியபின் அதன் தலையிலிருந்து எஞ்சின் உடல் வரை மஞ்சள் கோடு ஒன்று இழுப்பாள். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிவிடும். எல்லோரும் செய்வதுதான். அவள் கோடு மெலிதாக இருக்கும். அந்த எஞ்சினைப் பிரிக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

நிறுவனத்துக்கு இருபத்தைந்து வயதாவதால் ஒரு சிறிய வரலாறு எழுதும் வேலையும் என் தலையில் இருந்தது. பாதிவரை சுலபம். கிளைவ் எங்கள் ஊரான பண்டாபர்க்கில் கரும்பு வெட்டும் இயந்திரங்களுக்குக் கத்தியும் பல்சக்கரமும் செய்தவர். விமானி டெஸ்ஸுடன் சேர்ந்து ஒரு குட்டி விமானம் கட்டினார். அதற்கான எஞ்சின் இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே திடீரென்று செய்வதை நிறுத்திவிட்டார்கள். கிளைவ் ஒரு அலுமினியக் கட்டியைக் குடைந்து தானே ஒன்று செய்தார்.

விதி எப்படி வந்தது என்பதற்குத்தான் ஆளுக்கொரு பதில். கிளைவின் நேர்மை என்றாள் நரெல். காப்பீட்டுக்காரன் கேட்டது என்றான் கெவின். விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எதுவரை செல்லும், எஞ்சினைப் பிரிக்காமல் விட வழி உண்டா என்றும் தெரியலாம்.

அந்த முதல் விமானம் கொட்டகைக் கூரையில் தொங்குகிறது. ஏணி போட்டு ஏறினேன். முன் இருக்கை சுத்தமாக இருந்தது. பின் இருக்கைக்கு அடியில், தரையோடு ஒட்டிப் பழுப்பாக ஏதோ கெட்டியாகிக் கிடந்தது. திருப்புளியால் ஒரு துண்டு பெயர்த்தேன். உள்ளே செத்த எறும்புகள். எறும்பில்லாத மூலையாகப் பார்த்து நாக்கில் வைத்தேன்.

இனித்தது.

கீழே டெஸ் நின்றிருந்தார். "என்னடா, விமானத்தை நக்கிட்டிருக்க? வீட்ல சாப்பாடு கிடையாதா?"

சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றினார்.

"பரவாயில்ல. இது எப்படி இங்க வந்துச்சு?" துண்டைக் காட்டினேன்.

"அதை நரெல்கிட்ட சொல்லிடாத."

"சொல்லத்தான் போறேன். நீங்க சொல்லலைன்னா நானா ஒண்ணு கற்பனை பண்ணி எழுதுவேன்."

"படிச்சவன் புத்தியைக் காட்டுறான் பாரு." டெஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "நாங்க கரும்பு மெஷின் ஆளுங்கடா. வயல்ல கல்லு மாட்டினாலும் உடையக் கூடாதுன்னு தடியா தடியா செஞ்சே பழக்கம். எஞ்சினையும் அப்படியே செஞ்சுட்டான் உங்க கிளைவ். மூக்கு பயங்கர கனம். ஓடுது, ஓடுது, தரையை விட்டுக் கிளம்பவே இல்ல. பின்னாடி எடை வேணும். ஆலையிலேருந்து ஒரு சர்க்கரை மூட்டை வாங்கிட்டு வந்து கட்டினோம்."

"பறந்துச்சா?"

"ஜோரா. மூட்டையில ஓட்டை. மறுநாள் ஏறிப் பாதி தூரம் போனதும் எறும்பு என் கால்சட்டைக்குள்ள! இறங்கிக் கத்தினேன், எறும்பு மொய்க்காத மூட்டையா ஒண்ணு குடுய்யான்னு. கிளைவ் பக்கத்துல நின்னான். அவனே ஏறிட்டான்."

"அவ்வளவுதானா?"

"வேடிக்கை பாத்த ஒரு பண்ணைக்காரர், செஞ்சவனே தைரியமா ஏறுறானேன்னு அங்கேயே ரெண்டு எஞ்சின் கேட்டார். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?"

நரெலிடம் சொன்னேன். தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

"எங்கப்பா மூட்டைக்குப் பதிலா போனாரா! நான் அதை விளம்பரத்துல வேற போட்டேனே!"

"அப்ப பூட்டினவங்கதான் உட்காரணும்னு இல்ல. எடை இருந்தா போதும். பிரிக்க வேணாம், நரெல்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாங்குறவங்களுக்கு என்ன சொல்றது?"

"நடந்ததை. வரலாற்றுலயும் அதையே எழுதுறேன்."

"எறும்பையும் விடாம எழுது."

வெள்ளிக்கிழமை பின் இருக்கைக்கு நான் போனேன். எங்கள் எஞ்சின் இன்றும் கனம்தான். சோதனை விமானத்துக்கு இன்றும் பின்னால் எடை வேண்டும். டெஸ் என்னைத் தராசில் நிறுத்தினார்.

"போதாதுடா. இது பாதி மூட்டைதான். சாப்பிடுறியா, இல்லையா?"

நரெல் உணவறையிலிருந்து ஒரு சர்க்கரைப் பையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்து வாரால் கட்டினாள்.

கிளம்பினோம். கரும்பு வயல்களுக்கு மேல் ஒரு சுற்று, ஆற்றுக்கு மேல் ஒரு சுற்று. எஞ்சின் ஒரே குரலில் ஓடியது. டெஸ் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இறங்கியதும் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் கோடுகள் ஒன்றுகூட உடையவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

"டேய், சட்டையெல்லாம் சர்க்கரை. தட்டிக்கோ, எறும்பு வரும்" என்றார் டெஸ்.

தட்டிக்கொண்டேன். பிறகு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று நரெலிடம் கேட்டேன்.