கண்ணுக்கு ஒரு பங்கு

ஜோதிலட்சுமியின் வலது கண் சரியாக ஒரு நாள் முந்தி ஓடியது. இடது கண் எல்லாருடைய கண்ணையும் போல இன்றைக்கு நடப்பதைப் பார்த்தது. வலது கண், நாளை இதே நேரம் அவள் எங்கே நின்று எதைப் பார்ப்பாளோ அதைப் பார்த்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அடுப்படியில் நின்றால் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக் குழம்பு அவளுக்குத் தெரியும். கடலூருக்குத் தெற்கே நுணாமேட்டுக்குப்பத்தில் முதல் வாரம் இதே பேச்சாக இருந்தது. இரண்டாவது வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அசல் கண் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஏலம் விடும் மணலில் அவள் கூடையை வாரும்போது, செத்துவிட்டதாக நினைத்த கெளுத்தி ஒன்று துள்ளி முள்ளை வைத்துவிட்டது. புதுக் கண் சிதம்பரத்தில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், உறுப்பு இழந்தவர்களுக்குச் சிந்திக்கத் தெரிந்த உறுப்பு வைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தை மாதத்தில் இருபத்துமூன்று பேருக்கு வைத்தார்கள். மங்கலம்பேட்டை வாத்தியார் தமிழ்மணிக்கு வலது கை விரல்கள். அவர் தூங்கும்போதும் அவை விடைத்தாள் திருத்தின, மதிப்பெண் போடுவதில் அவரைவிடத் தாராளம். குடிகாட்டு சாமிக்கண்ணுவுக்கு மூக்கு. மழையை இரண்டு நாள் முன்பே முகர்ந்துவிடும், தெருவே அதைக் கேட்டுத்தான் மிளகாய் காயவைத்தது. ஜோதிலட்சுமிக்குக் கண் வைத்தவர் டாக்டர் காயத்ரி. காட்சி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், அதை ஈடுகட்ட அரை விநாடி முன்கூட்டியே ஊகிக்கும்படி கண்ணுக்குள் இருக்கும் செயற்கை அறிவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்றார். அது கெட்டிக்காரக் கண். அரை விநாடிப் பாடத்தை ஒரு வாரத்தில் முடித்தது, மாசி பிறந்ததும் ஒரு மணி நேரத்தை எட்டியது, பங்குனி உத்திரத்தன்று ஒரு முழு நாளைப் பிடித்து அங்கேயே நின்றுகொண்டது. டாக்டர் பத்து நாள் சோதித்துப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். ஏதாவது தொந்தரவு என்றால் ஒரு போன் போதும், இங்கிருந்தே கண்ணை அணைத்துவிடலாம் என்று ஊர்த் தலைவர் கோவிந்தசாமியிடம் நம்பரும் கொடுத்து அனுப்பினார்.

பார்த்ததைச் சொன்னால் அது மாறும் என்பதை அவள் வீட்டிலேயே தெரிந்துகொண்டாள். அவள் புருஷன் பூவரசன் ஃபைபர் படகுக்காரன், சாப்பாட்டில் கறார்.

"மாமா, நாளைக்கி இந்நேரம் நீ மூஞ்ச சுளிச்சிகினு சாப்புடற. உப்பு ஜாஸ்தி போல."

"தெரியுதில்ல, கம்மியா போடு. இதுக்கு இன்னாத்துக்கு சிதம்பரம் வரைக்கும் போயி கண்ணு வெச்சிகினு வந்த?"

குறைத்துப் போடுவதென்று அவள் முடிவு செய்த அதே நொடி, வலது கண் ஒருமுறை தானாக இமைத்தது. இமை திறந்தபோது நாளைய பூவரசன் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாற்றியதற்காகக் கண் கோபித்துக்கொண்டதே இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கியதும் ஊருக்குக் கண்ணின் அருமை தெரிந்தது. மீன் வாங்கிச் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவள் அவள். தினம் காலை ஆறு மணிக்குக் கரையில் உட்கார்ந்திருப்பாள். ஆகவே தினம் ஆறு மணிக்கு, இடது கண்ணில் இன்றைய படகுகளும் வலது கண்ணில் நாளைய படகுகளும் கரையேறின. எந்தப் படகு நிறைந்து வரும், எது வெறும் வலையோடு வரும் என்று அவள் சொல்லிவிடுவாள். நாளை நிறைந்து வரப்போகிற படகின் பின்னாலேயே மற்றவர்கள் போவார்கள், கண் ஒருமுறை இமைக்கும், எல்லாப் படகிலும் பாதியாவது மீன் இருக்கும். அந்த ஆனி, ஆடியில் நுணாமேட்டுக்குப்பத்தில் வெறும் வலையோடு ஒருவரும் திரும்பவில்லை. புயல் காற்று அடித்த ஆவணி ஐந்தாம் தேதி, நாளைய கரையில் நான்கு படகுகளைக் காணவில்லை என்று அவள் சொன்னாள். யாரும் கடலுக்குப் போகவில்லை. நான்கு படகுகளும் இன்றும் இருக்கின்றன.

சந்தோஷத்தில் ஊர்ச்சபை கூடி, படகுக்கு ஒரு கை மீன் அவளுக்கு ஒதுக்கியது. இங்கேதான் அந்த ஊர் ஒரு தப்பு செய்தது. பங்கு வாங்குகிறவருக்குச் சபையில் உட்கார இடம் கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைகள் அதுவரை சபை கூடும் கொட்டகைக்கு வெளியே நின்றுதான் கேட்டார்கள். அதைத் தவிர்க்க, பங்கு ஜோதிலட்சுமிக்கு இல்லை, கண்ணுக்கு என்று சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டார் கோவிந்தசாமி. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, கண்ணுக்கு ஒரு கை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

தலையாட்டாதவர் சக்கரபாணி. பூவரசனின் அக்காளைக் கட்டியவர். ஜோதிலட்சுமிக்கு அண்ணன் முறை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே நிற்பது வஞ்சிரமா கவலை மீனா என்று சொல்லக்கூடிய ஆள். நாளைய கரையில் நிறைந்து வரும் படகு பத்துக்கு ஏழு நாள் அவருடையதாகவே இருந்தது. அதனால் அவர் கிளம்பினால் மற்ற முப்பத்தெட்டுப் படகும் கிளம்பும், அவர் திரும்பினால் முப்பத்தெட்டும் திரும்பும், அவர் பீடி பற்றவைக்க நிறுத்தினாலும் முப்பத்தெட்டு எஞ்சினும் அடங்கும். நாலு மாதம் பொறுத்தார். ஐப்பசியில் சபையில் பிராது வைத்தார்: ஊரார் பிழைப்பைக் கெடுக்கிற வலைக்குத் தடை போடுவது நம் வழக்கம், அதே வழக்கப்படி அந்தக் கண்ணுக்கும் தடை போட வேண்டும், போன் போட்டு அணைக்க வேண்டும். கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை என்று முடிவானது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜோதிலட்சுமி வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைச் சபையை வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் காது கிடையாது. வாய்கள் அசைந்தன. சக்கரபாணி எழுந்தார், உட்கார்ந்தார். யாரோ சிரித்தார்கள். பத்து நாற்பதுக்குத் தலைவர் கோவிந்தசாமி அவள் முகத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

இருட்டு.

கால் மணி நேரம் காத்திருந்தாள். இருட்டு விலகவில்லை. பதினோரு வருடம் வலது பக்கம் ஆள் வந்தால் தெரியாமல், படி தெரியாமல், டம்ளர் தட்டிவிட்டுப் பேச்சு வாங்கியவள் அவள். மறுபடியும் அந்தப் பக்கம் சுவராகப் போகிறது என்று நினைத்ததும் எழுந்துவிட்டாள். ஓடிவிடுவது என்று முடிவு செய்தாள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டியில் ஏறி, அங்கே இருக்கும் அக்கா இருசம்மாள் வீட்டுக்கு டிக்கெட் வாங்கினாள். நாளை சபையில் இல்லாவிட்டால் எவன் கையை நீட்டுவான்? முடிவு மாறினால் கண் இமைக்க வேண்டும். குடிகாடு தாண்டியது, இமைக்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியது, இமைக்கவில்லை. அவள் பாதி வழியில் இறங்கிவிடுவாள் என்பது கண்ணுக்கு முன்பே தெரிந்திருந்தது. புதுச்சத்திரத்தில் இறங்கினாள். ஓடினாலும் இருட்டு, உட்கார்ந்தாலும் இருட்டு. போகிற கண் கேள்வி கேட்டுவிட்டுப் போகட்டும் என்று எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறினாள்.

மறுநாள் வலை பின்னும் கொட்டகையில் ஆண்கள் நிறைந்து உட்கார்ந்தார்கள். அவள் வெளியே தூணோரம் நின்றாள். கோவிந்தசாமி முதலில் பூவரசனைக் கேட்டார்.

"பொண்டாட்டி விசயம். நீ இன்னாப்பா சொல்ற?"

"எனக்கு நாளைக்கும் சோறு வேணும் தலைவரே. என்னை உட்டுடுங்க."

சிரிப்பு அடங்கியதும் ஜோதிலட்சுமி பேசினாள். இழக்கிறது என்று ஆகிவிட்ட பிறகு குரலில் நடுக்கம் இருப்பதில்லை.

"தட போடறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க. இது சாமானா, கண்ணா?"

"சாமான்தான். பங்கு பிரிக்கறப்பவே வலை, எஞ்சின், கண்ணுன்னு சொல்லிட்டமே" என்றார் கோவிந்தசாமி.

"அப்ப நான் சாமான்காரி. வலைக்குன்னாலும் சாமான்காரன் சபையில ஒக்காந்து ஒத்துகினாதான தட செல்லும்? நான் வெளிய நிக்கறேன். என் எடம் எங்க?"

முன்வரிசையில் இருந்த பழனிவேல், "அப்ப கண்ணுன்னே வெச்சிக்கலாம்" என்று சமாதானம் சொல்லப் பார்த்தான்.

"கண்ணுன்னா அது எம் மூஞ்சில இருக்கறது. ஒங் கண்ண அணைக்கச் சொல்லி நான் என்னிக்காவது போன் போட்டனா, தம்பி?"

இரண்டு பக்கமும் கதவு அடைபட்டதைக் கோவிந்தசாமி உணர்ந்தார். அவர் நியாயஸ்தர். "பேசலாம்மா. ஆனா நாளைக்கி நடக்கறது தெரிஞ்சவகிட்ட நாங்க எப்பிடி பேசறது? மொதல்ல அந்தக் கண்ண கட்டு. நீயும் எங்கள மாதிரி ஆவு, பேசுவோம்" என்று தோளில் கிடந்த துண்டை உருவி அவள் முகத்தை நோக்கி நீட்டினார். கை நீண்டதுமே அவள் வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கொட்டகைக் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது.

நேற்றிலிருந்து தன்னை அலைக்கழித்த இருட்டு எதனால் நெய்தது என்று ஜோதிலட்சுமிக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். துண்டை வாங்கி வலது கண்ணை மறைத்துப் பின்னந்தலையில் இறுக்கி முடிந்தாள்.

அப்போதுதான் சக்கரபாணி, சபையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசினார்.

"அந்தக் கண்ணு கடல பாக்கலம்மா. என்னத்தான் பாக்குது. நீரோட்டம், தண்ணி நெறம், பறவை எறங்கற எடம்னு முப்பது வருசமா நான் கத்துகினத ஒரு நிமிசத்துல ஊருக்கே பிரிச்சிக் குடுத்துடுது. மீனு போனா போவட்டும். எம் பேர கூட ஒருத்தன் சொல்றதில்ல. கண்ணு சொல்லிச்சி, கண்ணு சொல்லிச்சின்றானுவோ."

யாரும் இதை இப்படி யோசித்ததில்லை. ஜோதிலட்சுமியும்தான். இந்த ஏழெட்டு மாதத்தில், என்ன ஆகும் என்று பார்க்காமல் அவள் சொன்ன முதல் வார்த்தை அதன் பிறகு வந்தது.

"அண்ணே, நீ சொல்றது நெசம். கண்ணுக்கு வர்ற பங்குல பாதி, யாரு படக பாத்து சொன்னனோ அவுங்களுக்கு. சொல்றப்பவும் மொதல்ல அவுங்க பேருதான் வரும். இது இல்லாத கண்ணு எனக்கும் வேணாம்."

சக்கரபாணி தான் உட்கார்ந்திருந்த பாயில் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டார். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கோவிந்தசாமி முடிவைச் சொன்னார்: கண்ணுக்குத் தடை இல்லை, பாதிப் பங்கு, முதல் பெயர், இரண்டும் செல்லும், நாலு மாத நஷ்டத்துக்கு ஈடாகச் சக்கரபாணி மூன்று நாள் தனியாகக் கடலுக்குப் போகட்டும், அதுவரை துண்டை அவிழ்க்கக் கூடாது. சக்கரபாணி தனியாகப் போய், படகு கொள்ளாமல் வஞ்சிரம் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து நாற்பதுக்கே துண்டுக்கு உள்ளே ஜோதிலட்சுமிக்கு வெளிச்சம் வந்துவிட்டது. திங்கட்கிழமை துண்டை அவிழ்க்கும் வரை அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் சிதம்பரத்தில் நானூறு பேருக்கு உறுப்பு வைத்தார்கள். கடலூரில் அதற்கென்று தனிக் கட்டடமே வந்தது. கேட்காத தூரத்தைக் கேட்கும் காதுகளும், தொட்டதுமே பழுது சொல்லும் கைகளும் தெருத்தெருவாகப் புழங்கின. எந்த ஊரிலும் சண்டை ஒரே மாதிரி தொடங்கியது, நுணாமேட்டு வழக்கத்தைச் சொன்னதும் ஒரே மாதிரி முடிந்தது. உடம்பில் ஏறிய உறுப்பு உடம்புக்காரருக்குச் சொந்தம். அது யாரைப் பார்த்துக் கற்றதோ அவர் பெயரை முதலில் சொல், பாதியை அவருக்குக் கொடு. பங்கு வாங்கினால் சபையில் வந்து உட்கார். பரங்கிப்பேட்டை வரை குப்பங்கள் எல்லாம் இதை எடுத்துக்கொண்டன. மெக்கானிக் கடைகள் எடுத்துக்கொண்டன. தமிழ்மணியின் விரல்கள் தாராளத்தை யாரிடம் கற்றன என்று விசாரித்து, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையைக் கண்டுபிடித்து, பள்ளி விழாவில் மேடையேற்றினார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து, கண்ணை மறுபடி அரை விநாடிக்கே கொண்டுவரலாமா என்று ஒரு கடிதம் வந்தது. சபை பரிசீலித்தது. சாமான்காரி ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில் போயிற்று.

இப்போது நுணாமேட்டுக் கொட்டகையில் பதினாறு பெண்கள் உட்காருகிறார்கள். சபையில் பழனிவேல் வேடிக்கையாக ஏதாவது சொல்வான், கொட்டகையே குலுங்கும். ஜோதிலட்சுமி மட்டும் அமைதியாக டீ குடித்துக்கொண்டிருப்பாள். அந்த முகங்களைப் பார்த்து அவள் முந்தின நாளே, அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, சிரித்து முடித்திருப்பாள். இன்னாடி தனியா சிரிக்கற என்று பூவரசன்கூட இப்போதெல்லாம் கேட்பதில்லை.