எந்த நாற்காலியிலும்

தர்மா கொஞ்சம் பெருமைக்காரன். குறையாகச் சொல்லவில்லை, பெருமைப்பட அவனிடம் சரக்கு இருந்தது. அவனுடைய அக்கா சரளா, ஈப்போ பக்கம் புந்தோங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவள் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, கணினித் திரையில் உள்ளங்கை அகல எழுத்துதான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. கிடைத்த உருப்பெருக்கிகளெல்லாம் எழுத்தைப் பெரிதாக்கின, கூடவே மங்கலாக்கின, நகர்த்தினால் திணறின. தர்மா லினக்ஸ் இயங்குதளத்தில் திரையை வரையும் பகுதிக்குள்ளேயே கைவைத்து, பெரிதாக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்தான். எழுத்து கூர்மையாக நின்றது, அவள் கை போன இடமெல்லாம் கூடவே ஓடியது. வீட்டுக் கணினியில் அதைப் பார்த்த அன்று சரளா அழுதுவிட்டாள்.

பள்ளியின் கணினி அறை வேறு கதை. அங்கே இருந்தவை ஆளுக்கொன்றாக நன்கொடை கொடுத்தவை. கார்டுகளும் வேறு வேறு கம்பெனி, தர்மா எழுதியதோ வீட்டுக் கார்டின் கம்பெனிக்கு மட்டுமே ஓடும். திங்கட்கிழமை அந்த அறையில் வகுப்பு நடத்த முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவதென்று சரளா முடிவு செய்திருந்தாள். பிள்ளைகள் முன்னால் தடவிக்கொண்டு நிற்க அவளுக்கு மனமில்லை.

"அதெல்லாம் முடியும், போலேலா அக்கா. கவலைப்படாதே" என்றான் தர்மா. எல்லாக் கார்டுக்கும் பொதுவான மொழியில் முழுவதையும் மாற்றி எழுதினான். தான் வேலை செய்யும் ஈப்போ அலுவலகத்தில் எல்லோர் கணினியிலும் ஓட்டிப் பார்த்தான். ஒன்றுகூடச் சிணுங்கவில்லை.

சிணுங்காது. அலுவலகமே ஊரிலுள்ள சீனி அண்ணன் கணினிக் கடையில், ஒரே தீபாவளி மலிவு விற்பனையில், ஒரே கார்டு போட்ட கணினியாகப் பார்த்து வாங்கியிருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவன் ஒரே பானையில் பத்துச் சோறு எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, ஊரிலுள்ள பானையெல்லாம் வெந்துவிட்டதாக நம்பிவிட்டான்.

சனிக்கிழமை காலை பள்ளியில் ஒரே ஒரு கணினிதான் ஒழுங்காக வேலை செய்தது, ஜன்னலோரம் இருந்தது. மற்றவற்றில் சரளா மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து பார்த்தாள்.

"கரையான் அரிச்ச மாதிரி இருக்குடா" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தர்மாவுக்கு இருந்தது.

அவன் தன்னோடு வேலை செய்யும் அஃப்ரீனை அழைத்து வந்திருந்தான். "ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியா எழுதிருவோம்" என்றான்.

"நாளைக்கு இன்னொரு கார்டு வந்து நிக்கும், அண்ணே. அப்புறம் அதுக்கும் எழுதுவீங்களா? கஷ்டம், சுசாலா."

அவள் இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் 'அ' என்ற ஒற்றை எழுத்து. சரியாக வந்த திரையையும் அரித்துப்போன திரையையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டாள். நண்பகல் தாண்டியது. தர்மா வாங்கிவந்த மீகோரெங் ஆறிப்போனது. திடீரென்று அவள் சிரித்தாள்.

"பதினாறு புள்ளிக்கு ஒரு தடவ கடிச்சிருக்கு, பாருங்க. நம்ம ஆபீஸ் கார்டுக்குள்ள கணக்குப் போடுற ஆளுங்க முப்பத்திரண்டு பேரு ஒண்ணா அடியெடுத்து வைப்பாங்க. இந்தக் கார்டுல பதினாறு பதினாறாத்தான் போவாங்க. பக்கத்து ஆளு முடிக்கிறதுக்குள்ள இவன் அவனோட அரைகுறைக் கணக்க எடுத்துட்டு ஓடிட்டான். நீங்க மொழிய மாத்திட்டீங்க அண்ணே, நெனப்ப மாத்தல, எல்லாக் கார்டும் நம்ம கார்டு மாதிரின்னே எழுதியிருக்கீங்க."

எஸ்டேட்டில் பிறந்த சரளாவுக்கு அது உடனே பிடிபட்டது. "அப்போ காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் வந்தாச்சான்னு பாக்காமலே மர நெரைக்கு ஆள அனுப்பியிருக்கான்!" என்றாள். மூவரும் சிரித்தார்கள். தர்மாவின் காது மட்டும் சிவந்திருந்தது.

அஃப்ரீன் திருத்தினாள். முதலில், நீ எத்தனை பேரைச் சேர்த்து நடத்துவாய் என்று கார்டிடமே கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி ஆள் வரும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். இந்த வேலைக்கே தெம்பில்லாத கிழட்டுக் கணினி ஒன்று வாசலருகே கிடந்தது. அதற்காக, கார்டு முடியாது என்றால் பிரதானச் செயலியே வேலையை எடுத்துச் செய்யும்படி வைத்தாள். "மெதுவா வரும், தப்பா வராது."

தர்மா அவள் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தான். அவன் எழுதியதைவிடச் சிறியது. ஒரு கம்பெனியின் பெயர்கூட அதில் இல்லை. பொறாமை வரும் என்றுதான் நினைத்தான், வந்தது சந்தோஷம். இப்படியும் யோசிக்கலாமா என்ற மலைப்பில் இன்னொரு முறை படித்தான்.

"ரொம்ப அழகா இருக்கு, அஃப்ரீன்" என்றான், மனம்விட்டு.

திங்கட்கிழமை வகுப்புக்கு முன் இருவரும் அறையில் காத்திருந்தார்கள். சரளா வாசலில் வந்து நின்றாள். "எதுல உக்காரணும்?"

தர்மா பழக்கதோஷத்தில் அவள் கையைப் பிடித்து ஜன்னலோரம் அழைத்துப்போகப் பார்த்தான்.

"எதுல வேணும்னாலும் உக்காருங்க, அக்கா" என்றாள் அஃப்ரீன்.

சரளா தம்பியின் கையை மெல்ல விலக்கினாள். வாசலருகே இருந்த கிழட்டுக் கணினியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரை யோசித்தது, இன்னும் கொஞ்சம் யோசித்தது. பிறகு எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு கீறல் இல்லாமல் எழுந்து நின்றன.

"ஏன்க்கா போயும் போயும் அதுல?" என்றான் தர்மா.

"இங்க உக்காந்தாத்தான்டா பிள்ளைங்க உள்ள வர்ற சத்தம் கேக்கும்" என்றாள் சரளா டீச்சர். "சரி, நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க. எனக்கு வகுப்பு இருக்கு."