காலியாகத் திரும்பிய கேரியர்

1981ஆம் ஆண்டு, திருவண்ணாமலையில் நான் பணிபுரிந்த அலுவலகத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை மிகவும் நெருக்கியது. பக்கத்து மேசை எழுத்தர் ஜானி பாஷா, மேலதிகாரியின் ஏச்சுக்கு அஞ்சி மதிய உணவையே விட்டுவிட்டார். மாலை வரை தேநீர் மட்டுமே அருந்துவார். வீட்டிலிருந்து கொண்டுவரும் கேரியரை என் பக்கம் நகர்த்திவிடுவார்.

“நீங்க சாப்டுங்க சார். அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனா வீட்ல சண்டைதான்.”

மறுப்பது மரியாதையாகாது என்று எண்ணி, நான்கு மாதங்கள் அதை உண்டேன். ஒருநாள், “என்ன பாய், குழம்புல காரமே காணோம்?” என்று கேட்கவும் செய்தேன்.

“வயிறு எரியுதுன்னு சொன்னேன். கம்மி பண்ணிட்டாங்க போல,” என்று சிரித்தார்.

பாஷாவுக்கு வலி மிகுந்ததும் மருத்துவரிடம் சென்றோம். நேரத்துக்கு உண்கிறாரா என்று அவர் வினவியபோது, பாஷாவின் மனைவி மெஹ்ருன்னிசா முந்திக்கொண்டார்.

“கரெக்டா சாப்பிடறாரு டாக்டர். கேரியரு தினமும் காலியாத்தான் வருது.”

பாஷா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மருத்துவர் மசாலாவை நிறுத்தச் சொல்லி மாத்திரை எழுதினார்.

பத்தாம் நாள் பாஷா அலுவலகத்திலேயே ரத்த வாந்தி எடுத்தார். குடற்புண் முற்றியிருந்தது, அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெஹ்ருன்னிசா அழுதார்.

“என் சமையல்தாண்ணே அவருக்கு ஆகல.”

“அப்படியெல்லாம் இல்லம்மா,” என்று மட்டும் சொன்னேன். அவர் சமையலில் குறையொன்றும் இல்லை என்பதற்கு நானே சாட்சி. அதை அவரிடம் சொல்லும் துணிவுதான் இன்றுவரை எனக்கு வரவில்லை.