சிவப்புப் புள்ளி வைத்த போல்ட்டுகள்

அந்த மெக்கானிக்குக்குத் தொழில் வட்டாரத்தில் ‘மறுபடி’ என்று பெயர். ஒரு போல்ட்டை முறுக்கினால் முறுக்கியதோடு விடமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், ‘முறுக்கினோமா?’ என்று மறுபடி வண்டிக்கடியில் நுழைவார். வெளியே வந்து தண்ணீர் குடிப்பார். மறுபடி நுழைவார். ஒருமுறை இப்படி முறுக்கி முறுக்கி, நல்ல போல்ட் ஒன்று தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் தொழிலே வேண்டாம் என்று உட்கார்ந்து அழுதார். சிரிக்க வேண்டாம். சந்தேகம் பிடித்த மனிதன் படும் பாடு அவனுக்குத்தான் தெரியும்.

வைத்தியம் சொன்னவள் மனைவி. தன் நகப்பூச்சுப் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

“முறுக்கி முடிச்சதும் தலையில ஒரு புள்ளி வைங்க. புள்ளி வெச்சதைத் தொடக்கூடாது. தொட்டீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம். மருந்து வேலை செய்தது. பதினோரு வருடமாக அந்தப் பட்டறையில் சிவப்புப் புள்ளி என்றால் வேதவாக்கு. புள்ளி வைத்த போல்ட்டின் பக்கம் அவர் கண் கூடப் போகாது.

அன்று காலை எட்டரை மணிக்கு மகள் வந்தாள். மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ் அவள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்தப் பழைய வண்டியை அவளே ஓட்டுவாள்.

“அப்பா, கீழ ஏதோ இடிக்குது. டொக்கு டொக்குன்னு. மூணு நாளா.”

“எப்போ?”

“மேல ஏறும்போது. ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்துட்டுத் திரும்ப மிதிச்சா ஒரு டொக்கு.”

“மூணு நாளா அதோடவே ஓட்டிக்கிட்டா இருந்தே?”

“வேற என்ன பண்றது? இன்னிக்கும் பத்தரைக்குக் கிளம்பணும். மருந்துப் பெட்டியில ஐஸ் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்.”

அந்தப் பாதையை அவர் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததுதான் அவருக்குப் பயம். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டார்.

முற்றத்தில் முன்னால் போனார், பின்னால் வந்தார், பிரேக் அடித்தார். ஒரு சத்தம்? ம்ஹூம். டாக்டர் வீட்டு வாசலில் காணாமல் போகிற பல்வலி மாதிரி வண்டி சாதுவாக நின்றது. அடியில் படுத்தார். பின்சக்கரங்களைச் சுழற்றுகிற ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. கடப்பாரையைக் கொடுத்து எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நெம்பிப் பார்த்தார். அவற்றைத் தாங்குகிற ரப்பர்களும் சரியாகவே இருந்தன. மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது.

“ஒண்ணுமில்லேன்னா நான் கிளம்பறேன்ப்பா.”

“சத்தம் இருக்குன்னு சொன்னவளே நீதானே?”

“இருக்கு. ஆனா நேரம் இல்லையே.”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவருக்குச் சட்டென்று உறைத்தது. “ஏறும்போது நாலு சக்கரமும் போட்டுத்தானே ஏறுவே?”

“பின்னே? அந்தச் சேத்துல ரெண்டு சக்கரத்தை நம்பியா ஏற முடியும்?”

தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு நேரமும் முற்றத்தில் இழுத்தது பின்சக்கரங்கள் மட்டும்தான். முன் ஷாஃப்ட் வேலை செய்யவே இல்லை. எப்படிச் சத்தம் போடும்? வண்டியைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த சரளை மேட்டுக்குக் கொண்டுபோய், நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற சின்ன லீவரைத் தள்ளி, ஏறினார். பாதி மேட்டில் காலை எடுத்து மிதித்தார்.

டொக்.

அது காதில் விழுவதற்கு முன்பே குதிகாலில் ஏறியது. கோளாறு முன் ஷாஃப்ட்டில். மூன்று வாரத்துக்கு முன்னால் அதைக் கழற்றி, அதன் மூட்டுக்குப் புது கிராஸ் போட்டு மாட்டியவர் வேறு யாரும் இல்லை, அவரேதான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு மறுபடி அடியில் போனார். புது கிராஸில் குறை இல்லை. ஷாஃப்ட்டின் முன்நுனியை அச்சோடு சேர்க்கிற நாலு போல்ட்டுகளிலும் சிவப்புப் புள்ளி இருந்தது. ஆகவே அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மீதி இருந்தது அச்சுக்குள் இருக்கிற கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள்தான்.

“கிரவுனைப் பிரிக்கணும்,” என்று அடியிலிருந்தே சொன்னார். “ரெண்டு நாள் ஆகும்.”

“என்னால ரெண்டு மணி நேரம்கூட நிக்க முடியாதுப்பா. மெதுவாப் போயிட்டு வந்துடறேன். நாளைக்குப் பிரிங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. ஓடுகிற வண்டியில் ஷாஃப்ட்டின் முன்நுனி கழன்று தரையில் குத்தியதை அவர் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறார். அந்த வண்டி தூக்கி எறியப்பட்டுக் கவிழ்ந்தது சமதரையில். இவள் போகப்போவதோ மலைக்கு. போகாதே என்றால் கேட்கிற பிள்ளையும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில், ஷாஃப்ட்டை இன்னொரு தடவை திருகினார். அப்போது கட்டைவிரல் இணைப்பின் மேல் இருந்தது. போல்ட்டுகள் சேர்த்துப் பிடிக்கிற இரண்டு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஒரு மயிரிழை நகர்ந்தன.

புள்ளியைப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது. மறுபடி திருகினார். மறுபடி நகர்ந்தது.

“ஸ்பேனரைக் குடும்மா,” என்றார்.

வாசலில் நின்றிருந்த மனைவி, “எதுக்கு? புள்ளி வெச்சதுக்கா?” என்றாள். அவர் பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் புள்ளியின் மேல் ஸ்பேனரை வைத்தார். முதல் போல்ட் அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவது, தண்ணீர் பாட்டில் மூடி மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. நான்காவதும் அப்படியே.

வெளியே வந்தவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு போல்ட்டை முறுக்காமலே புள்ளி வெச்சிருக்கேன். போன வாரம் பள்ளிக்கூட வேனுக்கு பிரேக் பார்த்தேன். பால் வண்டிக்கு ஸ்டியரிங் பார்த்தேன். எல்லாருக்கும் போன் போடு, வண்டியை எடுக்க வேண்டாம்னு சொல்லு. இனிமே நான் ஸ்பேனரைத் தொடக்கூடாது.”

மனைவி போனை எடுத்துவிட்டாள். மகளின் முகம்தான் வெளுத்துப்போயிருந்தது. அப்பாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, அந்த ரெண்டு புள்ளியும் நீங்க வெச்சதில்ல.”

“என்ன சொல்றே?”

“அன்னிக்கு நீங்க போன் பேச வெளியே போனீங்க. நான் குனிஞ்சு பார்த்தேன். ரெண்டுல புள்ளி இருந்துச்சு, ரெண்டுல இல்லை. நாலையும் முறுக்கிட்டீங்க, திரும்பவும் முதல்லேருந்து ஆரம்பிக்கப் போறீங்கன்னு நெனச்சேன். ஆரம்பிச்சா மதியம் ஆயிடும். புள்ளி இருந்தாத் தொட மாட்டீங்கன்னு தெரியும்ல, அதான்... நான்தான் வெச்சேன்.”

“அடிப்பாவி,” என்றாள் அம்மா.

அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பு நம்முடையது இல்லை. அடுத்த நொடியே அந்த நிம்மதியை நினைத்து வெட்கம் வந்தது; பெற்ற பெண் மூன்று வாரம் இரண்டே போல்ட்டில் தொங்கிக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். எழுந்துபோய் நாலு புது போல்ட் எடுத்துவந்து, பழையதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மாட்டி முறுக்கினார்.

மகள் பக்கத்திலேயே மண்ணில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாட்டிலைத் திறந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை பாருங்கப்பா.”

பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. அவர் நாலையும் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு நாலு புள்ளியையும் தானே வைத்தார். சரளை மேட்டில் ஏறி இறங்கினார்கள். சத்தம் இல்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கிளம்பினாள். போகும்போது அந்த ஸ்பேனரைக் கேட்டு வாங்கிப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டாள்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். பித்து என்ன பித்து, அவர் அதற்கப்புறம் ஒரு வேலையும் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றேகால் மணிக்கு அது அடித்தது.

“மேல வந்துட்டேன்ப்பா. ஒரு சத்தமும் இல்லை.”

“சரிம்மா.”

“வழியில மூணு தடவை நிறுத்தி அடியில போய்ப் பார்த்தேன். புள்ளி இருந்துச்சு. இருந்தாலும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு. திரும்ப வண்டியில ஏறினதும், சரியாப் பார்த்தோமான்னு...”

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கண்தான் கலங்கியது. அது என்னவென்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தானே.

“இறங்கும்போது ஒரு தடவை பாரு, போதும். ஒரே ஒரு தடவை. நான் சொல்றேன்.”

“நீங்களா சொல்றீங்க?” என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூக்குறிஞ்சலாக மாறியது. “சரிப்பா.”

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் போனை எடுத்து மகளை மறுபடி கூப்பிட்டார்.