ஒற்றை விசில்

மூன்றாவது மரப்பாலத்தைத் தாண்டி அவள் கால் ஊன்றியபோது பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது. முன்னால் போனவர்கள் சிரித்தார்கள். காலையிலிருந்து ஒவ்வொரு பாலத்திலும் இதே கூத்துதான். எல்லோரும் கடந்தாயிற்று, போகலாம் என்று அவள் கணவர் ஊதுவார். அதற்குப் பிறகே வழிகாட்டி அடுத்த அடி வைப்பார்.

முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் விசில் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. வேன் புறப்படும்போது வழிகாட்டி தலைகளை எண்ணித் தடுமாற, இவர் ஒரே பார்வையில் எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டார். ஒன்பது பேர் இருக்க வேண்டுமே என்று வழிகாட்டி பதறினார்.

"கண்டக்டரு தன்னைச் சேத்து எண்ண மாட்டான் தம்பி."

மகள் வாழும் அந்த வெளிநாட்டிலேயே குடியேறிவிட்ட தமிழர் அந்த வழிகாட்டி. வாய்விட்டுச் சிரித்து, கடைசி ஆளாக வந்து எல்லோரையும் பார்த்துக்கொள்ளும் வேலையை இவரிடமே கொடுத்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம். குழந்தை, சமையல், துணி என்று உடம்பு ஓய்ந்து கிடந்தது. ஊர் திரும்ப நாலு நாள் இருக்கையில், எதையுமே பார்க்காமல் போகிறீர்களே என்று மகள்தான் இந்த அருவி நடைக்குச் சீட்டு வாங்கியிருந்தாள். நாலு பாலம், அப்புறம் அருவி. போய்ச் சேர்ந்து ஒரு கல்லில் உட்கார வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். இவரோ வழி நெடுக நின்றார். யாராவது ஷூ கயிறு கட்டக் குனிந்தால் தானும் நின்றார். இப்போது பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் தடவினார். காலையில் சாப்பிட்டது கரிக்கிறது என்றார்.

"இந்த வேகத்துல போனா அருவியே வத்திப் போயிரும்," என்றாள்.

"அது எங்க போகப்போவுது? நாம போற வரைக்கும் விழுந்துகிட்டேதான் இருக்கும். நீ முன்னால போ."

அவள் போனாள். நாலாவது பாலத்திலும் இரண்டு விசில் கேட்டது. அதைத் தாண்டி மேடு ஏறும்போது அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிட்டது. அந்த இரைச்சலுக்குள் பின்னாலிருந்து விசில் வந்தது. ஒன்று. இரண்டாவது வரவில்லை.

ஒரு விசில் என்றால் நிறுத்து. கூட வந்தவர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவருடைய பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! தூரத்தில் யாரோ ஓடிவருவது தெரிந்தால் ஒரு விசில். டிரைவர் முறைப்பார், உட்கார்ந்திருப்பவர்கள் முனகுவார்கள். ஓடிவந்தவர் ஏறி, மூச்சு அடங்கி, கம்பியைப் பிடித்த பிறகுதான் இரண்டு விசில் ஊதுவார்.

மறுபடியும் நின்றுவிட்டார் என்று நினைத்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. நின்றால் திரும்ப நடக்க முடியாது போலிருந்தது. நடந்தாள்.

தனியாக வந்திருந்த, தமிழ் தெரியாத மஞ்சள் மழைக்கோட்டுப் பெண் மட்டும் திரும்பி இறங்கினாள். தாண்டும்போது இவளைப் பார்த்துக் கீழே கைகாட்டினாள். அவர் அப்படித்தான், வந்துவிடுவார் என்று இவளும் கையாலேயே சொன்னாள்.

அருவி அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஈரமில்லாத கல்லாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியைத் தின்றாள். மீதியை அவருக்கென்று கைக்குட்டையில் மடித்தாள். அப்போதுதான் வழிகாட்டியின் போன் அடித்தது. அவர் ஓடிய விதத்தைப் பார்த்து அவளும் எழுந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கணவரின் தலைக்கடியில் மஞ்சள் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. வழிகாட்டி அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் நடந்து வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மலையடிவாரத்து வன அலுவலகத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. காகிதக் கோப்பையில் யாரோ கொடுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மகள் நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுவாள் என்றார்கள். காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். வழிகாட்டி எதிரே உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்தார்.

"நான்தாம்மா அவரைக் கடைசியில வரச் சொன்னேன்."

அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டுமே.

"நீங்க சொல்லலைன்னாலும் அங்கதான் வந்திருப்பாரு தம்பி. அவருக்கு அதான் இடம்."

கோட்டில்லாமல் அந்தப் பெண் சுவரோரம் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். கடவுள் அந்த விசிலை இரண்டு பேர் காதில்தான் போட்டார். அர்த்தம் தெரியாதவள் திரும்பிப் போனாள். இவளுக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவங்ககிட்ட கேளுங்க தம்பி. அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு."

வழிகாட்டி கேட்டார். அந்தப் பெண் மெதுவாக, கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

"பேச முடியலையாம். இவங்க கையைப் பிடிச்சிகிட்டாராம். உங்களைக் கூட்டிட்டு வரேன்னு எழுந்திருச்சப்போ தலையை ஆட்டி வேணாம்னுட்டாராம். நீங்க போன பக்கம் காட்டி, இப்படி ரெண்டு விரலைக் காட்டிகிட்டே இருந்தாராம். அது என்னன்னு புரியலைன்னு சொல்றாங்க. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அந்தப் பெண் இன்னும் இரண்டு விரலை உயர்த்தியபடியே நின்றாள்.

"தெரியும்," என்றாள் அவள். எழுந்து போய், தன் சால்வையை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தினாள்.

அவரை ஏற்றிய வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்தார்கள். அவருடைய பொருள்களென்று கொடுத்த உறையைப் பிரித்தாள். கைக்கடிகாரம், பர்ஸ், விசில். விசிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் தன் சால்வை தெரிந்தது. அந்தப் பெண் ஒரு கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தாள். கையில் அவருடைய மூக்குக்கண்ணாடி.

அவள் ஒரு விசில் ஊதினாள்.

டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண் வந்து ஜன்னல் வழியாக மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள். போகலாமா என்பதுபோல் டிரைவர் இவளைப் பார்த்தார். விசிலை உதட்டிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு மூச்சு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.