நுரை அடங்கிய போத்தல்

"மூணு கை அள்ளிப் போட்டும் நுரையே வரல, இதைப் போய் ஒரு தூளுன்னு—"

"மூணு கையா! ஒரு கரண்டி போதும்னு எத்தனை தடவை—"

"நீங்க சொல்வீங்க. எத்தனை வாளி ஊத்தி அலசினாலும் கொழகொழன்னே இருக்கு. தண்ணியே முறை வச்சுத்தான் விடுறான்!"

பஃபலோ ரோட்டுக் கடைவீட்டின் பின்கட்டுக் குழாயடியில் நடந்த சண்டை இது. சந்திரமதியின் கையில் பிழியாத சட்டை. எதிரே அவள் கணவன் மருதப்பன், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு.

சவுக்காரத்தூள் ஆலையின் சோதனைக்கூடத்தில் அவனுக்கு வேலை. ஆலையின் பழைய தூள் பொங்கப் பொங்க நுரைக்கும். துவைத்து முடித்த பிறகும் அந்த நுரை சாகாது. பின்சந்து லோங்காங்கில், அந்தத் திறந்த சாக்கடையில் இறங்கி, நீரின்மேல் பஞ்சுப்பொதி மாதிரி நாள்கணக்கில் மிதக்கும். தண்ணீரில் கலந்ததும் மெல்லச் சிதைந்து ஒன்றுமில்லாமல் போகிற தூள் ஒன்றைச் செய்துவிட வேண்டுமென்று வருஷக்கணக்காகக் கலந்து கலந்து பார்த்தான். செய்தும்விட்டான். நுரைதான் குறைந்துபோயிற்று. நாளைக் காலை மேனேஜர், தூளைத் துவைத்துப் பார்க்கக் கொடுத்திருந்த இந்த வரிசை வீட்டுப் பெண்களிடம் கருத்துக் கேட்க வருகிறார். வேண்டாமென்று சொல்லிவிட்டால் தூளுக்கு அத்தோடு முழுக்கு. சந்திரமதி சொல்வதைத்தான் மற்றவர்களும் சொல்வார்கள்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன், மதி."

"துவைக்கிறவ நான். பொய் சொன்னா பக்கத்து வீட்டு முத்தாயி என்னைச் சும்மா விடுவாளா லா?"

"அப்போ தள்ளு. நான் துவைக்கிறேன்."

"அடடா! கல்யாணமாகி இன்னிக்குத்தான் குழாய் இருக்கிற எடம் தெரிஞ்சிச்சாக்கும்."

காலரில் குழம்புக்கறை படிந்த இன்னொரு சட்டையை எடுத்தான். ஒரு கரண்டித் தூள்தான் போட்டான். அவன் கசக்கிய அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதல் வாளியிலேயே அலசிய தண்ணீர் தெளிந்துவிட்டது. சட்டையை வாங்கிக் காலரின் உள்மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். அலச எடுத்துவைத்திருந்த இரண்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

அவன் ஜன்னலிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்துவந்து நீட்டினான்.

"ரெண்டும் லோங்காங் தண்ணி. போன வாரம் இதுல பழைய தூளு, அதுல என்னோடது போட்டேன். குலுக்கிப் பாரு."

குலுக்கினாள். பழைய தூள் போட்ட போத்தலில் கழுத்துவரை நுரை ஏறி, அப்படியே நின்றது. மற்றதில் தண்ணீர் சற்றே சுழன்று, தானாய் அடங்கியது.

இந்த வீட்டுக்கு அவள் வந்த புதிதில் அந்த லோங்காங்கில் விரல்நகமளவு மீன்கள் ஓடும். மிச்சச் சோற்றை அவற்றுக்குப் போட்டுவிட்டு வருவாள். "எனக்கு வச்சியா?" என்று கேலி செய்வான் இவன். நுரை மிதக்கத் தொடங்கிய பிறகு ஒரு மீனையும் காணோம்.

அடங்கிய போத்தலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நாளைக்கு நான் பேசிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க... ஏங்க, அந்தக் குட்டி மீனெல்லாம் திரும்பி வருமா?"