ஆலோயிஸ் மேல் ஏறிய கொடி

1936ஆம் ஆண்டு மே பன்னிரண்டாம் தேதி, ஜாட்டெக் ஊர்ப் பக்கம், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் கொடித் தோட்டமொன்றில் நின்றுகொண்டிருந்த ஆலோயிஸ் ஹ்ருஷ்கா மேல் கொடி ஏறியது. காலையில் முழங்கால், மதியம் இடுப்பு, மாலையில் தொப்பி. அன்று பன்றிக்கறி விலை சற்று இறங்கியிருந்தது.

ஆலோயிஸ் ஊர் ஆலையில் பீர் காய்ச்சுபவர். முதலாளி சிக்கனம் பார்த்து வெளிநாட்டு ரக ஹாப்பை மட்டும் வாங்கிப் போட்டிருந்தார். ஒரு பிடி போட்டால் ஊரே முகம் சுளிக்கும் கசப்பு. மணம் மட்டும் கிடையாது. “நவம்பர்ல வர்ற மார்ட்டின் திருநாள் பீரும் இப்படியே இருந்தா வேற வேலை பாத்துக்க” என்று சொன்னவரும் அதே முதலாளிதான். ஆகவே ஆலோயிஸ், மணமுள்ள சிவப்புத்தண்டுக் கொடிக்குப் பேர்போன தோட்டக்காரி வ்லாஸ்தாவிடம் போனார்.

“கசப்புக்கு அந்தச் சனியனே போதும் வ்லாஸ்தாம்மா, கொதிக்க ஆரம்பிச்சதும் போட்டுடுவேன். அடுப்ப அணைக்கிற நேரத்துல போட உன் ஹாப்பு ஒரு கூடை குடு. முன்னாடியே போட்டா மணம் ஆவியாப் போயிடும்.”

“கம்பியில விளையறது மொத்தமும் வியாபாரிக்குப் பேசியாச்சு. வெளிய போங்க. விதை வெச்சுடும்னு ஆண் கொடியையே பிடுங்கிப் போடற தோட்டம் இது, ஆம்பளைக்கு என்ன வேலை?”

“குடுக்கறவரைக்கும் நகரமாட்டேன்.”

நகரவில்லை. நிற்பது கம்பியா மனிதனா என்று ஹாப் பார்ப்பதில்லை; வலமாகச் சுற்றி ஏறிவிட்டது. அரிவாளோடு வந்த வ்லாஸ்தா, தோட்டத்திலேயே செழித்த கொடி அதுதான் என்று கண்டு அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆகஸ்ட் கடைசிவரை அவருக்கு உருளைக்கிழங்கு சூப்பை அவளே ஊட்டினாள், திட்டிக்கொண்டே. களையெடுக்கும் பெண்கள், “மாஸ்டரே, தும்மிடாதீங்க, தலையில குருவி முட்டை வெச்சிருக்கு” என்பார்கள்.

அறுவடையன்று வழக்கு வந்தது.

“வேர் என்னோடது.”

“மூணரை மாசம் அசையாம தாங்கினது யாரு?”

பெண்கள் சிரித்தார்கள். வ்லாஸ்தா இடுப்பிலிருந்த அரிவாளை உருவிக் கொடியை அடியில் வெட்டினாள்.

“கம்பியில விளையறதுக்குத்தான் வாக்கு குடுத்தேன். மனுசன் மேல விளைஞ்சதுக்குப் பேச்சே இல்ல. எடுத்துட்டுப் போய்த் தொலைங்க.”

சரியாக ஒரு கூடை தேறியது.

மார்ட்டின் திருநாளில் பீர் முதலில் கசந்தது. விழுங்கிய பிறகு, மழைவிட்ட தோட்டம் மூக்கில் ஏறியது. முதலாளி மூன்றாவது குவளையைக் கேட்டார். வேறு வேலை பற்றிப் பேசவில்லை.

அடுத்த மே மாதம் வ்லாஸ்தா மூன்றாம் வரிசையில் ஓரிடத்தில் கம்பி கட்டாமல் விட்டாள். ஆலோயிஸ் சொந்தக் கரண்டியோடு வந்து நின்றுகொண்டார்.